பரிசுக்காக ஒரே படத்தை வரையும் மகள்

கேள்வி: எனக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தரம் 3இல் படிக்கிறாள். பொகவந்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். நான் கொழுந்து எடுக்கப் போகிறேன். கணவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. சிறு வயதில் மகள் கரியாலும் சோக்காலும் கண்டதையெல்லாம் கிறுக்கிக்கொண்டிருப்பாள். முன்பள்ளியில் மலை, சூரியன், ஆறு, வீடு எல்லாம் வைத்து வரைந்த ஒரு படத்துக்கு ஆசிரியை நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட என் கணவர், வரையும் ஒவ்வொரு படத்துக்கும் இருபது ரூபாய் தருவதாகச் சொல்லி, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது எண்ணிக் கொடுக்கிறார். இப்போது அவள் அந்த ஒரே படத்தைத்தான் வரைகிறாள். போன முறை அப்பா வருவதற்கு முந்திய இரவு அதையே ஏழு தடவை வரைந்தாள். வேறு ஏதாவது வரையச் சொன்னால் "எனக்கு வராது" என்கிறாள். நாங்களும் "கெட்டிக்காரி" என்று பாராட்டித்தான் வருகிறோம். பரிசு கொடுத்துத்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டீர்கள், எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைக்குப் படம் எதற்கு என்கிறார் மாமியார். பாராட்டுவதை நிறுத்த வேண்டுமா? ஹட்டனில் சனிக்கிழமைகளில் நடக்கும் சித்திர வகுப்புக்கு அனுப்பலாமா? இரண்டு படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதற் கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராட்டுவதை நிறுத்த வேண்டாம். எண்ணிக்கை பார்த்துக் கொடுக்கும் பணத்தை நிறுத்துங்கள்; எதற்காகப் பாராட்டுகிறீர்கள் என்பதை மாற்றுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களை மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் நடுவே பாதி முகம் காட்டும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வீட்டின் பக்கத்தில் ஒரு தென்னை மரம். உங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்தால் தேயிலையும் சவுக்கு மரங்களும் தெரியுமேயன்றித் தென்னை தெரியாது. அந்த உயரத்தில் தென்னை வளர்ந்து காய்ப்பதும் இல்லை. ஆகவே அந்த மரம் உங்கள் மகள் கண்ணால் கண்டு வரைந்ததாக இருக்க முடியாது. எங்கோ சுவரில் தொங்கிய படத்திலிருந்தோ கரும்பலகையிலிருந்தோ அது வந்திருக்க வேண்டும்; வந்த இடத்தில் நட்சத்திரம் வாங்கிக் கொடுத்ததால் நிலைத்துவிட்டது. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. இரண்டாவது படத்தில் வீட்டு வாசலுக்கு முன்னால் தாள் உரசுப்பட்டு மெலிந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தபோது, அழிறப்பரால் அழிக்கப்பட்ட ஒரு கோழியின் கொண்டையும் வாலும் இரண்டு கால்களும் தெரிந்தன. "எனக்கு வராது" என்று சொல்லும் பிள்ளை வழக்கமான படத்தில் இல்லாத ஒன்றை வரைந்தும் இருக்கிறாள். அது அந்தப் படத்துக்கு உரியதல்ல என்று தானே தீர்மானித்து அழித்தும் இருக்கிறாள். கோழிக்கு இதுவரை யாரும் நட்சத்திரம் ஒட்டவில்லை, இருபது ரூபாயும் கொடுக்கவில்லை அல்லவா?

ஒரு செயலைத் தொடர்ந்து பிள்ளைக்கு விருப்பமான ஒன்று கிடைக்குமானால், அந்தச் செயல் அடிக்கடி நிகழத் தொடங்கும். உளவியலில் இதை மீளவலியுறுத்தல் என்கிறோம். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், நாம் மனத்தில் எதை நினைத்துப் பரிசு கொடுத்தோம் என்பதைப் பிள்ளை அறியாது. எது நடந்தவுடன் பரிசு வந்தது என்பதை மட்டுமே அது அறியும். உங்கள் கணவர் மகளின் ஆர்வத்தை வளர்க்க நினைத்துத்தான் பணம் கொடுத்தார். மகளுக்குப் புரிந்ததோ, ஒரு தாளில் ஒரு படம் முடிந்தால் இருபது ரூபாய் என்பதுதான். அப்படியானால் தெரிந்த படத்தை வேகமாக வரைவதே இலாபம். புதிய படம் நேரத்தை எடுக்கும், பிழையாகிப் போகவும் கூடும். அந்த ஏழு படங்களைப் பார்த்து நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நானோ, கணக்குத் தெரிந்த பிள்ளை என்று எண்ணிக்கொண்டேன்.

பரிசு என்பது இயல்பிலேயே செய்ததைத் திரும்பச் செய்ய வைப்பதுதானே, அப்படியிருக்கப் புதியதைச் செய்ய வைக்க அதனால் எப்படி முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வாளர்களிடையேயும் இந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1985இல் சுசான் பேஜ், அலன் நியூரிங்கர் என்ற இருவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. புறாவின் முன்னால் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள் இருந்தன. புறா எட்டுத் தடவை கொத்த வேண்டும்; இடம், வலம் என்று எந்த ஒழுங்கிலும் கொத்தலாம். அவ்வாறு கொத்தக்கூடிய வரிசைகள் மொத்தம் 256. இப்போது கொத்திய வரிசை முன்னர் கொத்திய வரிசைகளிலிருந்து வேறுபட்டிருந்தால் மட்டுமே தானியம் கிடைத்தது. இந்த நிபந்தனையைப் படிப்படியாக இறுக்கி, கடைசி 50 வரிசைகளில் எதனுடனும் ஒத்திருக்கக் கூடாது என்ற அளவுக்குக் கொண்டு சென்றபோதும் புறாக்கள் ஈடுகொடுத்தன. பின்னர் அதே அளவு தானியத்தை, வேறுபாடு பற்றிய நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுத்துப் பார்த்தார்கள். புறாக்கள் பழக்கமான சில வரிசைகளையே அதிகம் கொத்தத் தொடங்கின. பரிசின் அளவு மாறவில்லை. பரிசு எதனுடன் பிணைக்கப்பட்டிருந்தது என்பதே மாறியது. உங்கள் வீட்டு இருபது ரூபாய் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. "வித்தியாசமாக இருத்தல்" என்பதும் ஒரு செயல்தான், அதையும் பரிசால் வளர்க்கலாம் என்பது இந்த ஆய்வு காட்டிய உண்மை.

புறாவையும் பிள்ளையையும் ஒன்றாக வைத்துப் பேசுவது உங்கள் மாமியாருக்குப் பிடிக்காமல் போகலாம். பிள்ளைகளிடமே நடந்த ஆய்வொன்று அதற்கும் முன்னரே, 1973இல் வெளிவந்துவிட்டது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோட்ஸ், பேயர் ஆகிய இருவரும் முன்பள்ளி வயதுச் சிறுமிகள் மூவர் மரக்கட்டைகளை அடுக்கி விளையாடுவதைக் கவனித்தார்கள். ஒரு பிள்ளை அன்றைய விளையாட்டில் அதுவரை செய்யாத ஒரு வடிவத்தை, அது வளைவாகவோ சரிவாகவோ கோபுரமாகவோ எதுவாக இருந்தாலும், முதன்முறையாக அமைத்தால் பக்கத்தில் இருந்த ஆசிரியை உடனே வியப்பும் மகிழ்ச்சியும் காட்டிப் பேசினார். அந்த வடிவம் மீண்டும் வந்தபோது பேசாமல் இருந்தார். மூன்று பிள்ளைகளிடமும் வடிவங்களின் வகை பெருகியது. அதுவரை எந்த நாளும் அவர்கள் கட்டியிராத வடிவங்களும் தோன்றின. அடுத்த கட்டத்தில் ஆசிரியை தம் பாராட்டைத் திருப்பிப் போட்டு, செய்ததையே திரும்பச் செய்தபோது மட்டும் மகிழ்ந்து பேசினார். அதே பிள்ளைகள், அதே கட்டைகள், அதே அன்பான குரல். ஆனால் வகைகள் சுருங்கின. மீண்டும் புதியவற்றைப் பாராட்டியவுடன் வகைகள் திரும்பப் பெருகின. இந்த ஆய்வில் மிட்டாயும் இல்லை, பணமும் இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்து, தக்க தருணத்தில் வாய் திறந்தார், அவ்வளவுதான். இது லயத்து அறையிலும் செய்யக்கூடிய காரியம் என்பதாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதையும் அடியோடு தள்ளிவிட முடியாது. அதே 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வொன்று அவருடைய பக்கம் நிற்கிறது. வண்ணப் பேனாக்களால் வரைவதில் ஏற்கனவே விருப்பம் கொண்ட சிறு பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரங்களின் பின்னர், பரிசு என்ற பேச்சே இல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வண்ணப் பேனாக்களுடன் செலவிட்ட நேரம் ஏனைய பிள்ளைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பரிசை எதிர்பார்த்து வரைந்த படங்களின் தரமும் தாழ்ந்திருந்தது. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைப் பெற்ற பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு ஏற்படவில்லை. அக்காவிடம் இந்தப் பகுதியையும் நீங்கள் சொல்ல வேண்டும். பரிசு பற்றிய இந்த வாதம் ஆய்வாளர்களிடையே பல பத்தாண்டுகள் நீடித்தது. என்னுடைய முடிவு என்னவென்றால், வெறுமனே செய்ததற்காக முன்கூட்டியே பேரம் பேசிக் கொடுக்கப்படும் பரிசு, பிள்ளை தானாக விரும்பிச் செய்யும் ஒன்றைக் கெடுக்கக்கூடியது. குறிப்பிட்ட ஒரு புதுமையைக் கண்டவுடன் வரும் சொல்லோ பார்வையோ அவ்வாறு கெடுப்பதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது முதலாவது.

இனி, வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். இதுவரை வரைந்த படங்களுக்குச் சொன்ன பணத்தை உங்கள் கணவர் ஒரு சதமும் குறைக்காமல் கொடுக்க வேண்டும். வாக்கு மாறினால் பிள்ளை கற்றுக்கொள்வது வேறு பாடமாகிவிடும். கொடுத்த பின்னர், இனிப் படத்துக்குப் பணம் இல்லை, அப்பா கலர்ப் பென்சிலும் தாளும் வாங்கி வருவார் என்று தண்டனைத் தொனி இல்லாமல் சொல்லிவிடலாம். கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசும்போது எத்தனை படம் வரைந்தாய் என்று கேட்பதை அவர் விட்டுவிட வேண்டும். மாறாக, "அப்பாவால கண்டுபிடிக்க முடியாத மாதிரி என்னம்மா வரைஞ்ச?" என்று கேட்டு, இரண்டு மூன்று தடவை பிழையாக ஊகித்து, தோற்றுப்போகட்டும். அப்பாவைத் தோற்கடிப்பதைவிடப் பெரிய பரிசு அந்த வயதில் பிள்ளைக்குக் குறைவு.

அடுத்து, அவள் கடைசியாக வரைந்த மூன்று படங்களைச் சுவரில் அவளுடைய கண் மட்டத்தில் ஒட்டி வையுங்கள். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான் என்றாலும் மூன்று தாளுக்கு இடம் கிடைக்கும். புதிய படம் வரும்போது அதை இந்த மூன்றுடன் மட்டும் ஒப்பிடுங்கள். மூன்றிலும் இல்லாத ஏதேனும் ஒன்று அதில் இருந்தால் அந்த ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். படத்தைச் சுவரில் ஏற்றிப் பழையவற்றில் ஒன்றை இறக்குங்கள். தொடக்கத்தில் அந்த வேறுபாடு அற்பமாகவே இருக்கும். சூரியனுக்குச் சிவப்புப் பூசியிருப்பாள், அல்லது வீட்டுக்கு இன்னொரு ஜன்னல் வைத்திருப்பாள். இது ஏமாற்று வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சிறிய மாற்றத்தை ஏற்றுக்கொண்டு தொடங்கினால்தான் பெரிய மாற்றத்துக்கு வழி திறக்கும். நிறத்தை மாற்றுவது அவளுக்குச் சாதாரணமாகிவிட்ட பின்னர் நிறத்துக்கான வியப்பைக் குறைத்துக்கொண்டு, புதிய உருவத்துக்கும், புதிய இடத்துக்கும், மேலிருந்தோ உள்ளிருந்தோ பார்ப்பது போன்ற புதிய பார்வைக்கும் உங்கள் வியப்பை ஒதுக்கி வையுங்கள். அழிக்கப்பட்ட கோழியைப் பற்றி இன்றே பேசலாம். ஏன் அழித்தாய் என்று விசாரிக்காமல், "இந்த எடத்துல ஒரு கோழி நின்னுச்சே, கொண்டையெல்லாம் வச்சு நல்லா இருந்துச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அடுத்த படத்தில் அது வருகிறதா என்று பாருங்கள்.

"கெட்டிக்காரி" என்ற சொல்லைச் சற்றுச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வேன். அந்தச் சொல் பிள்ளையைப் புகழ்கிறதே தவிர, படத்தில் எது நன்றாக இருந்தது என்று காட்டுவதில்லை. அத்துடன், 1998இல் மியுலர், டுவெக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடப் பின்னர் எளிதான புதிர்களையே அதிகம் நாடினார்கள். கெட்டிக்காரி என்ற பெயரை ஒருமுறை வாங்கியவளுக்கு அந்தப் பெயரை இழந்துவிடக்கூடிய புதிய படம் ஆபத்தானது. "எனக்கு வராது" என்ற பதிலில் எனக்கு அந்த அச்சமே கேட்கிறது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பாராட்டு உடனே வந்தால்தான் அது எதற்கானது என்று பிள்ளைக்குத் தெரியும். நீங்களோ காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வர மாலையாகிவிடும். பாடசாலை விட்டு வந்தபின் மகளுடன் இருப்பவர் உங்கள் மாமியார்தான் என்று நினைக்கிறேன். ஆகவே இந்த வேலையில் அவருடைய பங்கு உங்களுடையதைவிடப் பெரிது. அவருக்கு ஆய்வுகளை விளக்க வேண்டியதில்லை. பேத்தி ஒரு தாளை நீட்டும்போது, "நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்கு, அப்பாயிக்குக் காட்டு" என்ற ஒரே கேள்வியை அவர் கேட்டால் போதும். தேடிக் காட்ட வேண்டியது பேத்தியின் பொறுப்பு.

படத்துடன் மட்டும் நின்றுவிடவும் வேண்டாம். கவ்வாத்து வெட்டிய பின் விறகுக்குக் கொண்டுவரும் மிலாறில் மெல்லிய குச்சிகளை உடைத்துக் கொடுங்கள். வெற்றுத் தீப்பெட்டிகள், போத்தல் மூடிகள், பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் எல்லாம் உதவும். இவற்றை வைத்து இன்று கட்டியதும் நேற்றுக் கட்டியதும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதே விளையாட்டின் ஒரே விதி. கதை சொல்வதிலும் இதே விதி செல்லும். தெரிந்த கதையின் முடிவை மட்டும் ஒவ்வோர் இரவும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முதலில் நீங்களே ஒன்றை மாற்றிச் சொல்லிக் காட்டினால் அவளுக்குத் துணிவு வரும்.

இடையில் ஒரு கட்டத்துக்கு நீங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். பழைய படத்துக்கு வழக்கமான வரவேற்பு கிடைக்காதபோது அவள் அதையே இன்னும் அழுத்தமாக, இன்னும் அதிகமாக வரைந்து பார்க்கலாம். தாளைக் கசக்கி எறியலாம். சில நாட்கள் வரையாமலே இருக்கலாம். ஹவாயில் கெரன் பிரையர் என்ற பயிற்சியாளர் தம் குழுவினருடன் டொல்பின்களைப் பழக்கி 1969இல் வெளியிட்ட ஆய்வில், முன்னர் பரிசு பெறாத புதிய செயலுக்கு மட்டுமே மீன் கொடுத்தார்கள். டொல்பின் எடுத்தவுடனே புதியதைச் செய்துவிடவில்லை. பழகிய வித்தைகளையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது, அவை எடுபடாத பின்னர்தான் யாரும் கற்பிக்காத அசைவுகள் வரத் தொடங்கின. அந்தத் தடுமாற்றக் காலத்தில் மனமிரங்கி மீண்டும் பழைய படத்துக்கு ஆரவாரம் செய்துவிட்டால், இன்னும் அழுத்தமாக அடம்பிடித்தால் கிடைக்கும் என்று பழக்கியதாகிவிடும். அதற்காகப் பழைய படத்தைப் பழிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். "சரிம்மா, பெட்டியில வை" என்று சாதாரணமாகச் சொல்லி விடுங்கள். படத்துக்கு வரவேற்பு குறையலாம். மகளுக்கு உங்கள் மடியிலும் பேச்சிலும் உள்ள இடம் அணுவளவும் குறையக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இந்த முறையிலேயே கடினமான பகுதி.

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை தோட்டத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கக்கூடியது என்பதை அறிந்துதான் அவர் பேசுகிறார். அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்பாட்டைப் புதுமையாகச் சொல்லத் தேவையில்லை; ழகரத்தை நாளுக்கொரு வடிவத்தில் எழுதினால் புள்ளி கிடைக்காது. எங்கே ஒரே மாதிரி செய்ய வேண்டும், எங்கே வேறு மாதிரி செய்ய வேண்டும் என்பதைப் பிரித்தறிவதும் கற்பிக்கக்கூடியதே. நான் மேலே சொன்ன புறாக்கள்கூட, ஒரு நிற விளக்கு எரியும்போது வரிசையை மாற்றி மாற்றியும், வேறு நிறம் எரியும்போது குறிப்பிட்ட ஒரே வரிசையையும் கொத்தப் பழகின. நம் தோட்டங்களில் மாசி, பங்குனியில் ஆடும் காமன் கூத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரதியின் பாட்டில் யாராவது ஒரு சொல்லை மாற்றினால் வயதானவர்கள் விடமாட்டார்கள். ஆனால் நகைச்சுவை வேடத்தில் வருபவர் போன வருடத்துப் பகிடியையே திரும்பச் சொன்னால் கூட்டம் சிரிக்காது. ஒரே களத்தில், ஒரே இரவில், இரண்டு விதிகளும் கூட்டத்துக்கும் ஆடுபவர்களுக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கின்றன. வீட்டிலும் அவ்வாறு அடையாளம் வையுங்கள். பாடக் கொப்பி திறந்திருக்கும்போது சரியான விடைக்குப் பாராட்டு. கலண்டர்த் தாள் விரிந்திருக்கும்போது புதிய விடைக்குப் பாராட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம்.

அத்துடன் இந்தப் பழக்கம் படிப்புக்கு எதிரானதும் அல்ல என்று அவரிடம் சொல்லுங்கள். கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பலர், "எனது பாடசாலையின் பெயர்", "எனது பாடசாலையில்", "எனது பாடசாலைக்கு" என்று எல்லா வசனத்தையும் ஒரே சொல்லில் தொடங்குவதை ஆசிரியர்கள் அறிவார்கள். மலோனி, ஹொப்கின்ஸ் என்ற இருவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் எழுதும் சிறு கதைகளில் வெவ்வேறு பெயரடைகளுக்கும் வெவ்வேறு வினைச்சொற்களுக்கும் வசனத்தை வேறுவிதமாகத் தொடங்குவதற்கும் புள்ளி கொடுத்தபோது, எதற்குப் புள்ளி கொடுத்தார்களோ அது கூடியது. அவ்வாறு எழுதிய கதைகளில் சிலவற்றைப் படித்தவர்கள், அவை கற்பனை வளம் மிக்கவை என்று மதிப்பிட்டார்கள். மகள் ஐந்து வசனம் எழுதும்போது ஐந்தும் வெவ்வேறு சொல்லில் தொடங்கினால் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் பரீட்சைக்கும் அது உதவும், மாமியாருக்கும் மனம் ஆறும்.

ஒரு விடயத்தை மட்டும் கவனித்து வையுங்கள். படத்தில் மட்டுமன்றி உணவு, உடை, பாதை, விளையாட்டு என எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கை வற்புறுத்தி, சிறு மாற்றத்துக்கும் பெரிதும் கலங்கி, மற்றப் பிள்ளைகளுடன் பேசிப் பழகுவதிலும் சிரமப்படும் பிள்ளையாக இருந்தால், அது வேறு வகையில் பார்க்க வேண்டிய நிலை. அப்போது தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாகச் சிறுவர் வைத்தியரைக் காண வேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், முந்திய பதிலிலிருந்து வேறுபட்ட பதிலுக்குப் பாராட்டு என்ற இதே முறை பயன்பட்டிருக்கிறது. ஆனால் அதை நேரில் பார்த்துத் திட்டமிட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படிச் சந்தேகிக்க எதுவும் இல்லை. சிறு வயதில் கண்டதையெல்லாம் கிறுக்கியவள் பணம் வந்தபின் ஒரே படத்துக்குச் சுருங்கியிருக்கிறாள் என்ற வரலாறே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

வகுப்பாசிரியரிடமும் ஒரு சொல் சொல்லி வைப்பது நல்லது. குறை சொல்வதுபோல் போக வேண்டாம். ஆசிரியைக்கு ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மகள் வரைந்த வழக்கமான படம் ஒன்றையும், பின்னர் வரையும் சற்று வேறுபட்ட படம் ஒன்றையும் கொண்டுபோய்க் காட்டி, இதில் புதிதாக இருப்பதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள், டீச்சர் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஹட்டன் சித்திர வகுப்பைப் பொறுத்தவரை, சேர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய் வாசலில் நின்று பாருங்கள். ஆசிரியர் பலகையில் ஒன்றை வரைய, எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைந்து, யாருடையது பலகையில் உள்ளதற்கு மிக நெருக்கமாக இருக்கிறதோ அவருக்குக் கூடிய புள்ளி என்றால், அங்கே கை பழகும். ஆனால் நீங்கள் இப்போது தேடுவது அதுவல்ல. சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்து எது யாருடையது என்று பெயர் பார்க்காமலே பிள்ளைகளால் சொல்ல முடிகிறது என்றால் தயங்காமல் மகளைச் சேர்த்துவிடுங்கள். எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் பஸ் காசையும் வகுப்புக் காசையும் மிச்சம்பிடித்து, வரும் வழியில் ஒரு பெட்டி கலர்ப் பென்சிலும் ஒரு கட்டுத் தாளும் வாங்கி வந்துவிடுங்கள்.